இன்னாபா அர்த்தம்? வட சென்னைச் சொற்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிறந்து வளர்ந்தது பழைய வண்ணாரப்பேட்டை. வேலை பழைய மகாபலிபுரம் சாலையில். ஆபீஸில் வாயைத் திறந்தால் பக்கத்து சீட்டில் ஒருவர் அர்த்தம் கேட்பார். கல்யாணத்துக்குப் போனால் கோயம்புத்தூர்ச் சொந்தம் கேட்கும். வட சென்னையை வைத்து ஒரு படம் வந்துவிட்டால் அந்த வாரம் முழுக்க போன் ஓயாது. கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான் என்பதால், கேட்டவர்கள் கேட்டபடியே எழுதிப் பதிலும் போட்டிருக்கிறேன்.

மெட்ராஸ் பாஷையும் வட சென்னைப் பேச்சும் ஒண்ணா, வேற வேறயா?

மெட்ராஸ் பாஷை பெரிய வட்டம். சென்னையில் உடலுழைப்பு செய்து பிழைத்த மக்கள் எல்லோரும் பேசியது அது. மயிலாப்பூர்க் குப்பத்திலும் கேட்கலாம், சிந்தாதிரிப்பேட்டையிலும் கேட்கலாம். வட சென்னையில் அடர்த்தி அதிகம். துறைமுகம், ரயில்வே, பஞ்சாலை எல்லாம் இந்தப் பக்கம்தான். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-இல் ராயபுரத்திலிருந்துதான் கிளம்பியது. எந்தெந்த ஊரிலிருந்தோ வேலைக்கு வந்தவர்கள் ஒரே சந்தில் குடியிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் ஒரு பொதுப் பேச்சு உருவானது.

வட சென்னைக்குள்ளேயும் ஒரே பேச்சு இல்லை. காசிமேட்டு மீனவர் பேசுவது ஒரு மாதிரி, புளியந்தோப்பு ஒரு மாதிரி, மண்ணடி இன்னொரு மாதிரி. வெளியூர்க்காரர்கள் மனசில் பதிந்திருப்பது சினிமா காட்டிய மெட்ராஸ் பாஷை. அதைத் திரையில் பிரபலமாக்கியவர்களில் முக்கியமானவர் சந்திரபாபு. 1958-இல் வந்த 'சபாஷ் மீனா'வில் ரிக்‌ஷாக்காரராக அவர் பேசியதைக் கேட்டுத்தான் ஊரே பேசிப் பார்த்தது. அவர் பிறந்த ஊர் தூத்துக்குடி.

"கீது", "இஸ்துகினு", "வூடு"... தப்பா நினைக்காதீங்க, இதெல்லாம் கெட்டுப்போன தமிழ்தானே?

தப்பாகத்தான் நினைக்கிறேன். 'இருக்குது' தேய்ந்து 'கீது' ஆனது. வேலூர், திருவள்ளூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும் 'கீது', 'கீறான்' உண்டு. சென்னைக்காரன் கெடுத்த சொல் என்றால் அங்கே எப்படிப் போனது? இது வடக்குத் தமிழ். தெற்கே போனால் அந்த ஊர் வழக்கு வேறு, அவ்வளவுதான். 'கொண்டு' இங்கே 'கினு' ஆகும்: வந்துகினு, சொல்லிகினு. 'இழுத்து' என்பதில் இருக்கும் ழகரத்தோடு நமக்கு ஒத்துவராது. அது சில இடத்தில் 'ஸ்' ஆகிவிடும், அதுதான் இஸ்துகினு. சில இடத்தில் 'ய' ஆகும், வாயப்பயம், கெயவி. எல்லாவற்றுக்கும் ஒழுங்கு இருக்கிறது. 'வூடு' இன்னும் எளிது. வ, ப, ம போல உதட்டில் பிறக்கும் எழுத்துக்குப் பின்னால் வரும் இகரமும் எகரமும் உதடு குவிந்து மாறிவிடும். பிடி 'புடி' ஆவதும் பெண் 'பொண்ணு' ஆவதும் அதே கணக்குத்தான். பொண்ணு என்று தமிழ்நாடே சொல்கிறது, சிரிப்பதில்லை. வூடு என்றால் மட்டும் சிரிப்பு வருகிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறை சென்று 1939-இல் உயிர்விட்ட நடராசன், தாளமுத்து இருவரின் நினைவிடமும் இருப்பது மூலக்கொத்தளத்தில். தமிழைக் கெடுத்தவர்கள் என்று சொல்லப்படும் பேட்டைகளுக்கு நடுவில்.

பேஜார், கலீஜ், நாஸ்தா... இவ்வளவு உருது உங்க பேச்சுக்குள்ள எப்படி வந்துச்சு?

பட்டாளம், பஜார், உடற்பயிற்சிக்கூடம். மூன்று வாசல் என்று வைத்துக்கொள்ளலாம். தக்கனி உருது பேசும் குடும்பங்கள் பல தலைமுறைகளாகப் பக்கத்து வீட்டுக்காரர்கள். புரசைவாக்கத்துக்கும் புளியந்தோப்புக்கும் நடுவே ஒரு பகுதிக்குப் பெயரே பட்டாளம். படையில் வடக்கத்திக்காரரோடு புழங்கியவர் அந்தச் சொற்களை வீட்டுக்குக் கொண்டுவந்தார். குத்துச்சண்டையும் மல்யுத்தமும் சொல்லிக்கொடுப்பவருக்கு இங்கே 'வஸ்தாது' என்று பெயர். உருதில் உஸ்தாத், ஆசான்.

பேஜார் என்றால் வெறுத்துப்போதல், சலிப்பு. கலீஜ் என்றால் அசுத்தம். நாஸ்தா காலைச் சிற்றுண்டி. உஷார், மஜா, தோஸ்த் எல்லோருக்கும் தெரியும். 'படா' என்பது பெரிய. 'சோக்கா கீது' என்பதில் இருப்பது 'ஷவுக்', விருப்பம். 'தில்' அங்கே இதயம், இங்கே துணிச்சல். 'ஜகா' அங்கே இடம், இங்கே ஜகா வாங்கினால் பின்வாங்கிவிட்டான் என்று அர்த்தம். 'பேமானி' என்பது ஈமான் இல்லாதவன், அதாவது நேர்மையோ நம்பிக்கையோ இல்லாதவன். ஆட்டோ ஸ்டாண்டில் கேட்கும் அந்தத் திட்டு, மூலத்தில் ரொம்பக் கடுமையான குற்றச்சாட்டு.

நைனான்னா அப்பாவா, ஃபிரெண்டா?

தெலுங்கில் 'நாயனா' அப்பாதான். இங்கே யாரையும் கூப்பிடலாம், 'இன்னா நைனா' என்று. கொருக்குப்பேட்டையிலும் வண்ணாரப்பேட்டையிலும் வீட்டுக்குள் தெலுங்கு பேசும் குடும்பங்கள் நிறைய. 'சோமாரி'யும் தெலுங்குதான், சோம்பேறி என்று பொருள். பெரியவர்களை 'நைனா' என்று முதல் சந்திப்பிலேயே கூப்பிட வேண்டாம். வெளியூர்க்காரர் வாயில் அது நக்கல்போல விழும்.

துட்டுங்கறது தமிழ் வார்த்தை இல்லியாமா, நெசமாங்க?

நெசந்தாங்க. டச்சுக்காரர்களின் சிறிய செப்புக் காசுக்கு 'டுயிட்' என்று பெயர். சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டில் 1613-இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டி, அங்கேயே காசும் அடித்தார்கள். கோட்டை போய்விட்டது, கல்லறைகள் இருக்கின்றன, காசின் பெயர் நம் வாயில் இருக்கிறது. சென்னை மட்டுமில்லை, தமிழ்நாடு முழுக்கவே துட்டு உண்டு. 'டப்பு' தெலுங்கு. அணா 1957-இல் நயா பைசா வந்ததும் கணக்கிலிருந்து போனது, 'காலணாவுக்குப் பிரயோசனம் இல்ல' என்ற திட்டில் மட்டும் இன்னும் செல்லுபடி ஆகிறது.

இதே ரகத்தில் எனக்குப் பிடித்தது 'அஸ்கா'. வெள்ளைச் சர்க்கரையைப் பழைய ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள். ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தில் அஸ்கா என்று ஊர், அங்கே சர்க்கரை ஆலை. 1936 வரை அந்தப் பகுதியும் மெட்ராஸ் மாகாணம்தான்.

பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ சாப்ட்டேன். அந்தப் பேரு எந்த பாஷை?

பர்மிய மொழி. 'அத்தோ' என்றால் கலந்து பிசைந்தது. அதனால்தான் நூடுல்ஸ், கோஸ், வெங்காயம், எண்ணெய், புளித்தண்ணி எல்லாவற்றையும் கையால் பிசைந்து தருகிறார்கள். 'பேஜோ' என்பதில் 'பே' பருப்பு, 'ஜோ' பொரித்தது. 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் கொண்டுவந்தவை இவை. அவர்களுக்காக 1969-இல் அமைந்ததுதான் பர்மா பஜார்.

"கஸ்மாலம்" கெட்ட வார்த்தையா? பசங்க முன்னாடி சொல்லலாமா?

சொல்லலாம், பகவத்கீதையிலேயே இருக்கிறது. இரண்டாம் அத்தியாயம், இரண்டாவது சுலோகம். வில்லைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் அர்ஜுனனிடம், 'இந்த நேரத்தில் உனக்கு இந்தக் கச்மலம் எங்கிருந்து வந்தது' என்று கண்ணன் கேட்கிறான். அழுக்கு, மனக்கலக்கம் என்று பொருள். அங்கிருந்து இறங்கி, குளிக்காதவன், அழுக்குப் பிடித்தவன், கடைசியில் உருப்படாதவன் என்று ஆகிவிட்டது. கீதையில் இருப்பதால் யாரை வேண்டுமானாலும் சொல்லலாம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். திட்டு திட்டுதான்.

நான் திருநெல்வேலி. ரோட்டக் கடக்கைல ஒரு ஆட்டோக்காரரு "சாவுகிராக்கி, வூட்ல சொல்லிகினு வந்தியா?"ன்னு கத்துதாரு. எங்க வீட்டப் பத்தி அவரு எதுக்குக் கேக்காரு?

அவர் உங்கள் குடும்பத்தை விசாரிக்கவில்லை. 'கிராக்கி' என்றால் வாடிக்கையாளர், உருது வழியாக வந்த சொல். 'இன்னிக்கு ஒரு கிராக்கியும் மாட்டல' என்று ஆட்டோ ஸ்டாண்டில் கேட்டிருப்பீர்கள். சாவுகிராக்கி என்றால் சாவைத் தேடிவந்த வாடிக்கையாளர். 'திரும்பி வரமாட்டேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தானே கிளம்பினாய்' என்பது இரண்டாம் பாதியின் அர்த்தம்.

பிரேக் பிடித்து, கியரை மாற்றி, உங்களை இடிக்காமல் காப்பாற்றுகிற அரை நொடிக்குள் இவ்வளவு யோசித்துத் திட்டியிருக்கிறார். எனக்கு இதில் கோபத்தைவிட அக்கறை அதிகம் தெரிகிறது. பதில் சொல்ல வேண்டியதில்லை. கையைத் தூக்கிக் காட்டிவிட்டு நடையைக் கட்டுங்கள்.

"டீல்ல வுட்டுட்டான்"ல வர்ற டீல், இங்கிலீஷ் டீல்தானே? ஒப்பந்தம்?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். இது காத்தாடி விடுகிறவன் சொல். பட்டம் மேலே போய்க் காற்றில் நின்ற பிறகு, அடுத்தவன் காத்தாடியோடு நூல் பின்னிக்கொள்ளும். அப்போது இரண்டு வழி: நூலை வலித்து இழுக்கலாம், அல்லது விறுவிறுவென்று தளர்த்தி ஓடவிடலாம். இந்தியில் தளர்வுக்கு 'டீல்', அழுத்தி உச்சரிப்பார்கள். காத்தாடிப் பேச்சில் அது இன்றும் வடநாட்டில் உண்டு. 'மாஞ்சா'வும் அங்கிருந்து வந்ததுதான்.

மொட்டை மாடியில் நின்று 'டீல் வுடு, டீல் வுடு' என்று கத்திய தலைமுறைதான் அந்தச் சொல்லைத் தரைக்குக் கொண்டுவந்தது. நூல் கையில் இருக்கிறது, ஆனால் பிடி இல்லை, காத்தாடி எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது. நண்பன் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போனால் நம் நிலைமை அதுதானே. கண்ணாடித் தூள் பூசிய மாஞ்சா கழுத்தை அறுத்துப் பல உயிர் போயிருக்கிறது, குழந்தைகள் உட்பட. சென்னையில் அதற்குத் தடை இருக்கிறது, இருக்கவும் வேண்டும். இப்போதைய பசங்கள் பலருக்கு மாஞ்சா தெரியாது. டீலில் விடுவது மட்டும் நன்றாகத் தெரியும்.

பிகில்?

விசில். ஆங்கில 'பியூகிள்', அதாவது ராணுவ ஊதுகொம்பு, இந்தியில் 'பிகுல்' ஆகி இங்கே வந்து சேர்ந்தது. மேலே பட்டாளம் பற்றிச் சொன்னதோடு சேர்த்துப் படிக்கவும்.

கேடின்னா ஒரு இங்கிலீஷ் சுருக்கம்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு. ஓசியும் அப்படித்தானாமே. நம்பலாமா?

கேடியை நம்பலாம். பிரிட்டிஷ் காலப் போலீஸ் தொடர் குற்றவாளிகளின் பட்டியல் ஒன்றை வைத்திருந்தது. அதில் இருப்பவர்களுக்கு 'நோன் டெப்ரடேட்டர்' (Known Depredator) என்று பெயர். முதல் எழுத்துகள் இரண்டும் கே, டி. 'கேடி லிஸ்ட்ல இருக்கான்' என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அந்த லிஸ்ட் நிஜமான லிஸ்ட். 'கேடு' என்ற தமிழ்ச்சொல் பக்கத்திலேயே இருந்தது அது ஒட்டிக்கொள்ள வசதியாகிவிட்டது.

ஓசிக்குச் சொல்லும் கதை, கிழக்கிந்தியக் கம்பெனியின் கடிதங்களில் 'கம்பெனி வேலையாக' (On Company's Service) என்று ஆங்கிலத்தில் குறிப்பிருக்கும், அதற்குத் தபால் கட்டணம் இல்லை, அதனால் ஓசி என்பது. கதை அழகாகப் பொருந்துகிறது. பொருந்துவதை மட்டும் வைத்து நான் எதையும் நம்புவதில்லை. கேடிக்குப் பின்னால் பதிவேடு இருக்கிறது, ஓசிக்குப் பின்னால் கதைதான் இருக்கிறது. பொதுவாக, ஒரு சேரிச் சொல்லுக்கு ஆங்கில எழுத்துகளை விரித்துக் காட்டி யாராவது விளக்கம் அனுப்பினால் கொஞ்சம் உஷாராகவே இருங்கள். தெருவில் நிற்பவனுக்குச் சொந்தமாகச் சொல் செய்யத் தெரியாது, துரைதான் செய்து கொடுத்திருக்க வேண்டும் என்ற நினைப்பு அதற்குள் இருக்கிறது.

அப்பாடக்கர் யாரு? நிஜமான ஆளா?

2010-இல் 'பாஸ் என்கிற பாஸ்கரன்' படத்தில் சந்தானம் சொன்ன பிறகு தமிழ்நாடு முழுக்கப் பரவியது. பெரிய ஆள், அல்லது தன்னைப் பெரிய ஆளாக நினைத்துக்கொள்பவன். தக்கர் பாபா என்று அழைக்கப்பட்ட சமூகத் தொண்டர் ஏ.வி.தக்கர் நிஜமானவர், தி.நகரில் அவர் பெயரில் வித்யாலயாவும் இருக்கிறது. அவர் பெயர்தான் திரிந்து இப்படி ஆனது என்று ஒரு கதை சுற்றுகிறது. ஓசிக்குச் சொன்னதே இதற்கும்.

ஏமாற்றுவதற்கு 'அல்வா கொடுத்தான்' என்பதும் இதேபோல் திரையிலிருந்து இறங்கியது. 1994-இல் வந்த 'அமைதிப்படை' அதை நாடறியச் செய்தது. சினிமா நம்மிடம் வாங்கியதுதான் அதிகம், ஆனால் கொடுத்ததும் உண்டு.

"கலாய்" இப்போ வந்த காலேஜ் ஸ்லாங்தானே?

'கலாம்' என்றால் பழந்தமிழில் சண்டை, போர். 'கலாய்த்தல்' என்ற வினைக்குப் பழைய அகராதிகள் சினத்தல், சண்டையிடுதல் என்று பொருள் தருகின்றன. இன்றைக்குக் கலாய்ப்பதும் வாயால் போடும் சண்டைதான், கத்தி மட்டும் இல்லை. 'பன்னாடை'யும் அப்படி. தென்னையில் மட்டையை ஒட்டிச் சல்லடைபோல இருக்குமே, அது. வடிகட்டினால் நல்லதைக் கீழே விட்டுவிட்டுக் குப்பையைப் பிடித்துக்கொள்ளும். நன்னூல் மாணவர்களைத் தரம் பிரிக்கும்போது கடைசி வகையில் 'நெய்யரி'யைச் சொல்கிறது, உரைக்காரர்கள் அதைப் பன்னாடை என்கிறார்கள். வகுப்பில் வாத்தியாரிடம் பன்னாடை என்று திட்டு வாங்கியவர்கள் இலக்கண மரபுப்படிதான் வாங்கியிருக்கிறீர்கள்.

அண்ணே, கேட்டா கோச்சுக்காதீங்க. "சங்கு ஊதிட்டாங்க", "கோயிந்தா", "பால் ஊத்தியாச்சு", "டிக்கெட் வாங்கிட்டான்"... ஏன் எதுக்கெடுத்தாலும் சாவாவே இருக்கு?

கோபம் இல்லை, நல்ல கேள்வி. இங்கே சாவு கதவைச் சாத்திக்கொண்டு நடக்கும் விஷயமில்லை. குறுகலான தெரு. ஒரு வீட்டில் சாவு என்றால் தெருவே பந்தல். சங்கு, கோவிந்தா முழக்கம், அடக்கம் முடிந்தபின் பால் ஊற்றுவது எல்லாம் சின்னப் பிள்ளையிலிருந்து கண்முன் நடப்பவை. ராத்திரி முழுக்க உட்கார்ந்து, போனவரின் பெயரைச் சேர்த்துப் பாடுவதற்கு மரண கானா என்று பெயர். இந்தியில் பாட்டுக்குச் சொல்லும் 'கானா'தான் இது. டோலக் இருந்தால் டோலக், இல்லாவிட்டால் தகர டப்பா. அழுகைக்கு நடுவில் நக்கலும் வரும், போனவர் பாக்கி வைத்த கடனும் பாட்டில் வரும், அழுதுகொண்டிருக்கும் மனைவியே ஒரு நிமிஷம் சிரித்துவிடுவார். அந்த ராத்திரிகளில் பழகிய சொற்கள்தான் மேட்ச் தோற்றாலும், போன் உடைந்தாலும், காதல் கவிழ்ந்தாலும் வாயில் வருகின்றன.

சங்குக்கு இங்கே இன்னொரு சத்தமும் உண்டு. ஆலையில் ஷிப்டுக்கு ஊதும் சைரனுக்கும் சங்கு என்றுதான் பெயர். பெரம்பூர் பின்னி மில் சங்கை வைத்து அந்தப் பக்கம் வீடுகளில் சோறு வடித்தார்கள். 1996-இல் மில் மூடியது. 'மில்லுக்கு சங்கு ஊதிட்டாங்க' என்று பழைய தொழிலாளி ஒருவர் சொன்னால் எந்தச் சங்கு என்று கேட்டுக்கொண்டிருக்காதீர்கள்.

ரசிகர்கள் "தலைவன் சம்பவம்"னு போடறாங்களே, அது?

வேட்டு, வெட்டு நடந்த பேட்டைகளில் கொலையைக் கொலை என்று சொல்லாமல் 'சம்பவம்' என்பார்கள். போலீசும் பத்திரிகையும் 'சம்பவ இடம்' என்று எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். இப்போது பாட்டு ஹிட் ஆனாலும் சம்பவம், சிக்ஸர் அடித்தாலும் சம்பவம். நான் இந்தச் சொல்லைச் சந்தோஷத்துக்குப் பயன்படுத்துவதில்லை. நிஜச் சம்பவம் நடந்த வீட்டு வாசலைத் தாண்டித்தான் தினமும் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறேன்.

எந்தெந்த வார்த்தையை வெளியாளுங்க தொடக்கூடாது?

'கம்மனாட்டி' முதலில். கைம்பெண்ணைக் குறிக்கும் சொல் தேய்ந்து வந்தது அது. புருஷனை இழந்தது ஒரு பெண்ணின் குற்றம் என்று நினைத்த காலத்தின் மிச்சம். எங்கள் ஆட்களே சொல்கிறார்கள், எனக்கும் பிடிக்காது.

அடுத்தது 'பொறம்போக்கு'. வருவாய்த்துறைக் கணக்கில் வரி விதிக்காத, பொதுப் பயனுக்கான நிலம் புறம்போக்கு. அதற்கு ஒரு பாவமும் தெரியாது. ஆனால் கால்வாய் ஓரப் புறம்போக்கில் குடிசை போட்டு, 'இன்னிக்கு இடிப்பாங்களா, நாளைக்கு இடிப்பாங்களா' என்று இருந்தவர்கள் இங்கே நிறைய. அவர்களைப் பார்த்து அதைச் சொன்னால் அது திட்டாக விழாது, விலாசத்தைக் குத்திக்காட்டியதாக விழும்.

குறும்படத்துக்கு வசனம் எழுதுறேன்ணே. எல்லா வரியிலயும் "இன்னாபா", "கஸ்மாலம்" போட்டா வட சென்னை வந்துடும்ல?

வராது தம்பி. கஸ்மாலத்தை இன்றைக்கு இருபது வயசுப் பையன் சொல்வதே அபூர்வம். அவன் 'மச்சி', 'மாமே', 'செம', 'வேற லெவல்' என்று ஊரோடுதான் பேசுகிறான். அவன் அப்பா வாயில் பேஜார் வரலாம். பாட்டி வாயில் அஸ்கா வரலாம். ஒரே வீட்டில் மூன்று பேரையும் ஒரே மாதிரி பேசவைத்தால் அது சினிமா பார்த்து எழுதிய சினிமா. அதேபோல பேங்க்குக்கோ பள்ளிக்கூடத்துக்கோ போனால் எங்கள் ஆட்கள் பேச்சை மாற்றிக்கொள்வார்கள். அந்த மாற்றத்தை வசனத்தில் கொண்டுவர முடிந்தால் கைகொடுக்கிறேன். அடியாளுக்கு மட்டும் இந்தப் பேச்சைக் கொடுத்துவிட்டு, அதே தெருவில் பிறந்த டாக்டர் கதாநாயகிக்குச் சுத்தத் தமிழ் கொடுப்பதாக இருந்தால் எனக்கு ஸ்கிரிப்டை அனுப்ப வேண்டாம்.

பெண்கள் பேசுவதைக் கேளுங்கள், அங்கேதான் சுவை அதிகம். விடியற்காலை காசிமேட்டில் மீன் ஏலம் நடக்கும்போது போய் ஓரமாக நில்லுங்கள். விலை கேட்கிற மாதிரி கேட்டு, கால் கிலோவாவது வாங்குங்கள். நோட்டுப் புத்தகத்தை மட்டும் வெளியே எடுத்துவிடாதீர்கள். 'இன்னா சார், கணக்கெடுக்க வந்துகிறியா?' என்று ஒரு அக்கா கேட்பார். அப்புறம் அந்த வரிசையில் ஒருத்தரும் இயல்பாகப் பேசமாட்டார்கள், மீன் விலையும் ஏறிவிடும்.